மலை உச்சியில் ஜெயிக்கப்போவது யார்? - சைக்கிள் பந்தயத்தைக் கணிக்கும் சூட்சுமங்கள்!

2020, செப்டம்பர் 19. பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் இருக்கும் லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் என்ற மலை. உலகின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. கடைசி நாள் பாரிஸ் நோக்கிய பயணத்தில் முதலிடத்தில் இருப்பவரை யாரும் தாக்குவதில்லை என்பது எழுதப்படாத சட்டம். அதனால், கோப்பை யாருக்கு என்பது அந்த மலை உச்சியில்தான் முடிவாக வேண்டும்.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த பிரிமோஷ் ரோக்லிச், கிட்டத்தட்ட இரண்டு வாரங்களாக முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியைக் கழற்றவே இல்லை. அவருக்கு 57 விநாடி முன்னிலை. இரண்டாம் இடத்தில் அதே நாட்டின் தாதேய் போகாச்சர். வயது 21. முதல்முறையாக டூர் டி பிரான்ஸில் கலந்துகொள்ளும் பையன்.

அன்றைக்கு டைம் டிரயல். அதாவது, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட வேண்டும். மொத்தம் 36.2 கிலோமீட்டர். கடைசி 5.9 கிலோமீட்டர் மலையேற்றம். அனுபவம், முன்னிலை, அணியின் பலம் என எதை வைத்துப் பார்த்தாலும் ரோக்லிச்சுக்குத்தான் கோப்பை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மேடு தொடங்கும் முன்பே 57 விநாடி கரைய ஆரம்பித்தது. மலையில் ஏற ஏற, ரோக்லிச்சின் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சரிந்தது. முகம் வெளிறியது. முன்பே ஓட்டி முடித்துவிட்டு உச்சியில் உட்கார்ந்திருந்த அவருடைய அணி வீரர்கள் திரையைப் பார்த்தபடி உறைந்துபோனார்கள். முடிவில் அந்த ஒரு நாளில் மட்டும் போகாச்சரிடம் அவர் இழந்தது 1 நிமிடம் 56 விநாடி. 59 விநாடி வித்தியாசத்தில் டூர் டி பிரான்ஸ் கைமாறியது. 22-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பாரிஸில் கோப்பையைத் தூக்கினார் போகாச்சர்.

அப்படியானால், மலை உச்சியில் முடியும் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாதா?

பெரும்பாலும் சொல்ல முடியும். அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் படித்த இயற்பியல்தான். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாருகிறது... இரண்டையும் பார்ப்போம்.

மேட்டில் ஒளிந்துகொள்ள முடியாது

சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வீரருக்கு முதல் எதிரி, காற்று. அதனால்தான் 150-க்கும் மேற்பட்ட வீரர்கள் தேனீக்கூட்டம்போல ஒட்டிக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் போகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். சுமாரான வீரர்கூட பெரிய வீரரின் முதுகுக்குப் பின்னால் நாள் முழுக்க ஒளிந்துகொண்டு வரலாம்.

மேடு வந்ததும் இந்த வசதி பறிபோகிறது. வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்ததும் காற்றின் எதிர்ப்பு சிறிதாகிவிடும். புவியீர்ப்பு பெரிதாகிவிடும். அதில் யாரும் யாருக்கும் மறைப்பாக நிற்க முடியாது. மாடிப்படியில் அரிசி மூட்டையைச் சுமப்பதுபோலத்தான். துணைக்கு எத்தனை பேர் கூட வந்தாலும், அவரவர் மூட்டையை அவரவர்தான் சுமக்க வேண்டும். இங்கே அந்த மூட்டை, அவரவர் உடம்பு.

அதனால்தான் மலையில் முடியும் பந்தயங்களைக் கணிப்பது ஒருவகையில் சுலபம். அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. உடம்பின் உண்மை வெளியே வந்துவிடும்.

வாட்டும் கிலோவும்

முதல் கணக்கு இது. ஒரு வீரர் மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கிறார்கள். இதற்கான கருவி பெரும்பாலும் சைக்கிளின் மிதிக்கட்டைத் தண்டிலேயே இருக்கும். அந்த வாட்டை அவருடைய எடையால் வகுத்தால் வருவதுதான், மலையில் அவருடைய மதிப்பு.

60 கிலோ எடையுள்ள முன்னணி மலையேற்ற வீரர், அரை மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 6 வாட் வீதம் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 வாட். வீட்டில் பழைய ரக சீலிங் ஃபேன்கள் ஐந்து ஓடுவதற்கு ஏறக்குறைய இவ்வளவு மின்சாரம் தேவை. இரண்டு கால்களால் அரை மணி நேரம் ஐந்து ஃபேனை நிற்காமல் ஓட்டுவதுபோன்ற உழைப்பு இது.

சமதளத்தில் கடைசி 200 மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கும் ஸ்பிரின்டர்கள் வேறு ரகம். சில விநாடிகளுக்கு 1,500 வாட் வரை அவர்களால் எட்ட முடியும். இரண்டு மிக்ஸிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்குச் சமம். ஆனால், அந்தச் சக்தியைக் கொடுக்கும் பெரிய தசைகள்தான் மலையில் அவர்களுக்குப் பாரம். மலை நாள்களில் இவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் மெதுவாக ஏறுவார்கள். அவர்களின் குறி வெற்றி அல்ல. நிர்ணயித்த நேரத்துக்குள் வந்து, போட்டியிலிருந்து நீக்கப்படாமல் தப்பிப்பதுதான்.

எடை எவ்வளவு முக்கியம்? பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் டுவெஸ் மலையை எடுத்துக்கொள்வோம். 21 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 13.8 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 350 வாட் சக்தியோடு ஏறும் ஒரு வீரருக்கு ஒரே ஒரு கிலோ எடை கூடினால், உச்சிக்குப் போக சுமார் 30 விநாடி அதிகம் பிடிக்கும். இது சாதாரண இயற்பியல் கணக்கு. டூர் டி பிரான்ஸே 8 விநாடியில் முடிவான வரலாறு உண்டு (1989). அப்படியிருக்க, ஒரு கிலோவுக்கு 30 விநாடி என்பது மிகப் பெரிய விலை.

சைக்கிளை இஷ்டத்துக்கு இளைக்க வைக்க முடியாது. சர்வதேச சைக்கிள் சம்மேளன விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. எனவே, மிச்சமிருப்பது உடம்பு ஒன்றுதான்.

எந்த மேடு, யாருடைய மேடு?

இரண்டாவது கணக்கு, மேட்டின் நீளமும் செங்குத்தும். '10 சதவிகித ஏற்றம்' என்றால், 100 மீட்டர் முன்னேறும்போது 10 மீட்டர் மேலே போகிறோம் என்று அர்த்தம். அதாவது, மூன்று மாடிக்கும் கொஞ்சம் அதிகம்.

மேடுகளைத் தோராயமாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஐந்து நிமிடத்துக்குள் முடியும் மேடு: இங்கே தேவை வெடிப்பு. பிரெஞ்சில் இப்படிப்பட்ட வீரர்களை 'பன்ஷர்' என்கிறார்கள். குத்துச்சண்டைக்காரரின் குத்துபோல, ஒரே பாய்ச்சலில் முடித்துவிடுவார்கள்.

15 முதல் 20 நிமிட மேடு: வெடிப்பும் வேண்டும், தாங்கும் சக்தியும் வேண்டும்.

அரை மணி நேரத்தைத் தாண்டும் மலை: இது மெலிந்த, பொறுமையான மலையேற்ற வீரர்களின் ராஜ்ஜியம். இங்கே பாய்ச்சலைவிட முக்கியம், ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருப்பது.

போட்டிக்கு முந்தைய நாள் பாதை வரைபடத்தைப் பார்த்து, கடைசி மேடு இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 150 பெயர்கள் 10 பெயர்களாகச் சுருங்கிவிடும்.

கணிப்பு பலிக்கும் சுவர்

கணக்கு எவ்வளவு கச்சிதமாக வேலை செய்யும் என்பதற்கு உதாரணம், பெல்ஜியத்தின் வீ நகரில் இருக்கும் ஒரு தெரு. அதன் பெயர் 'மூர் டி வீ'. வீ நகரின் சுவர் என்று பொருள். நீளம் வெறும் 1.3 கிலோமீட்டர். வழியில் ஏழு சிறிய பிரார்த்தனைக் கூடங்கள். சராசரி ஏற்றம் 9.6 சதவிகிதம். நடுவில் ஒரு வளைவின் உள்பக்கத்தில் 20 சதவிகிதத்தையும் தாண்டிவிடும். 'லா ஃபிளெஷ் வலோன்' என்ற ஒருநாள் பந்தயம், 1985 முதல் இந்தத் தெருவின் உச்சியில் முடிகிறது.

சுமார் 200 கிலோமீட்டர் பந்தயம், கடைசி மூன்று நிமிடங்களில் முடிவாகும். ஆண்டுதோறும் அதே தெரு, அதே வளைவு, அதே கோடு. எனவே, இந்த மேட்டுக்குப் பொருந்தும் உடம்பு யாருக்கு இருக்கிறதோ, அவர்களே திரும்பத் திரும்ப ஜெயிக்கிறார்கள். ஸ்பெயினின் அலெக்ஹாந்த்ரோ வால்வெர்தே 2006-ல் ஒருமுறை, பிறகு 2014 முதல் 2017 வரை வரிசையாக நான்கு முறை என ஐந்து தடவை ஜெயித்தார். பிரான்ஸின் ஜூலியன் அலாஃபிலிப் 2018, 2019, 2021 என மூன்று முறை.

பெண்கள் போட்டியில் இன்னும் ஆச்சர்யம். நெதர்லாந்தின் அன்னா வான் டெர் பிரெகன், 2015 முதல் 2021 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஏழு முறை தொடர்ந்து ஜெயித்தார். அந்த ஏழு ஆண்டுகளில் போட்டிக்கு முன்பு அவர் பெயரைச் சொன்னவர்கள் ஒருமுறைகூட ஏமாறவில்லை.

ஆனால், வலு மட்டும் போதாது. 2010-ல் ஸ்பெயினின் ஆல்பர்ட்டோ கொண்டடோர் இதே மேட்டில் முன்னால் பாய்ந்தார். அப்போது அவர் டூர் டி பிரான்ஸ் சாம்பியன். மலையில் அவரைப் பிடிக்க ஆளில்லை என்ற பெயர் வேறு. கடைசி மீட்டர்களில் கால்கள் கனத்துப்போக, பின்னால் பொறுமையாக வந்த ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்தார். கொண்டடோருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

2021-லும் இதே கதைதான். ரோக்லிச் முன்கூட்டியே பாய்ந்தார். அலாஃபிலிப் கோட்டுக்குச் சற்று முன்பு அவரைப் பிடித்து முந்தினார். செங்குத்தான வளைவைத் தாண்டும் வரை முதல் சில இடங்களில் அடங்கி இருக்க வேண்டும். கடைசி 200 மீட்டரில்தான் கையிருப்பை இறக்க வேண்டும். மூர் டி வீ கற்றுத்தரும் பாடம் இதுதான்.

தாத்தாவுக்காக ஒரு மேடு

எடை கூடியவர்களால் மேட்டில் ஜெயிக்கவே முடியாதா? முடியும். மேடு சிறியதாக இருக்க வேண்டும். காரணமும் வலுவாக இருந்தால் இன்னும் நல்லது.

2021, ஜூன் 27. டூர் டி பிரான்ஸின் இரண்டாம் நாள். பிரித்தானி பகுதியில் மூர் டி பிரெத்தான் மேட்டில் போட்டி முடிகிறது. 2 கிலோமீட்டர் நீளம், சராசரி 6.9 சதவிகித ஏற்றம். அன்று இதே மேட்டை இரண்டு முறை ஏற வேண்டும்.

நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூல் சுமார் 75 கிலோ எடை கொண்டவர். மலையேற்ற வீரர்களைவிட 10, 15 கிலோ அதிகம். 40 நிமிட மலையில் இந்தப் பாரம் அவரை மூழ்கடித்துவிடும். ஆனால், ஐந்து நிமிட மேட்டில் அவருடைய தசைகளின் கூடுதல் சக்தி, கூடுதல் எடைக்கான கடனை அடைத்துவிடும்.

அவருடைய தாய்வழித் தாத்தா ரேமோன் பூலிடோர். பிரெஞ்சு மக்கள் கொண்டாடிய வீரர். டூர் டி பிரான்ஸில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர். ஆனால், ஒரே ஒருநாள்கூட மஞ்சள் ஜெர்சியை அணிந்ததில்லை. 2019 நவம்பரில் அவர் இறந்துபோனார். பேரன் முதல்முறையாக டூர் டி பிரான்ஸுக்கு வந்தது, அதற்குப் பிறகு 2021-ல்தான்.

மஞ்சள் ஜெர்சிக்கு சில விநாடிகள் தேவை. அதனால், வான் டெர் பூல் முதல் சுற்றிலேயே மேட்டில் பாய்ந்து, அங்கே கொடுக்கப்பட்ட போனஸ் விநாடிகளை அள்ளினார். 'இவ்வளவு சீக்கிரம் சக்தியைச் செலவழித்துவிட்டாரே' என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். இரண்டாவது சுற்றில் அதே மேட்டில் மறுபடியும் பாய்ந்தார். போகாச்சரும் ரோக்லிச்சும் 6 விநாடி பின்னால்தான் வந்தார்கள். கோட்டைத் தாண்டும்போது விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். பிறகு கண்ணீர் விட்டு அழுதார். தாத்தாவுக்குக் கிடைக்காத மஞ்சள் ஜெர்சி, பேரனின் தோளில் ஏறியது.

மேட்டின் நீளத்தைக் கணித்தவர்கள் அவர் பெயரைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அந்த ஜெர்சி அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்த்தவர்கள், அவர் பெயரை முதலில் வைத்திருப்பார்கள்.

கணக்கு தப்பும் இடங்கள்

இனி, காகிதத்தில் எழுத முடியாத விஷயங்கள்.

களைப்பு: 2022 டூர் டி பிரான்ஸில், ஜூலை 8 அன்று லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் உச்சியில் மறுபடியும் போகாச்சர் ஜெயித்தார். டென்மார்க்கின் யோனாஸ் விங்ககோர் இரண்டாம் இடம். ஐந்தே நாள் கழித்து, கிரானோன் என்ற மலை. 11.3 கிலோமீட்டர், 9.2 சதவிகிதம். உச்சியின் உயரம் 2,413 மீட்டர். இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு.

அதற்கு முந்தைய மலையிலேயே ரோக்லிச்சும் விங்ககோரும் ஒரே அணியாக, ஆளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பாய்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் போகாச்சர் தனி ஆளாகத் துரத்திப் பிடித்தார். கிரானோனில் விங்ககோர் இறுதியாகப் பாய்ந்தபோது, துரத்த அவரிடம் கால்கள் இல்லை. ஒரே மலையில் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். கடைசி மேட்டை மட்டும் பார்த்துக் கணித்தால் போதாது. அதற்கு முன்னால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பசி: வீரர்கள் பந்தயத்தின்போதே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து சாப்பிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு டஜன் இட்லியில் இருக்கும் அளவு. ஜெல்லாகவும் பானமாகவும் இறக்குகிறார்கள். ஒரு வேளை தவறினால், மலையில் எரிபொருள் தீர்ந்த வண்டிபோல நின்றுவிடுவார்கள். எத்தனை வாட் திறமை இருந்தாலும் அந்த நேரத்தில் பலனில்லை.

உடம்பின் மறுப்பு: 2023 ஜூலை 19. கோல் டி லா லோஸ் என்ற கொடூரமான ஏற்றம். அன்று தொடக்கத்திலேயே கீழே விழுந்திருந்த போகாச்சர், இந்த ஏற்றத்தில் பின்தங்கினார். தான் முடிந்துபோய்விட்டதாக ரேடியோவில் தன் அணியிடம் சொன்னார். அன்று விங்ககோரிடம் அவர் இழந்தது ஐந்தரை நிமிடத்துக்கும் மேல். இவர்தான் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர் என்று கொண்டாடப்படுகிறவர்.

வானிலை: 2024 லா ஃபிளெஷ் வலோன் போட்டி நாளில் குளிர் மழையும் பனியும் கொட்டின. முன்னணி வீரர்கள் பலர் நடுங்கியபடி பாதியில் விலகினார்கள். போட்டியை முடித்தவர்கள் 44 பேர் மட்டுமே. பெரிய பெயர்களுக்கு நடுவே அன்று மூர் டி வீ உச்சியில் முதலில் நின்றவர், பிரிட்டனின் ஸ்டீபன் வில்லியம்ஸ்.

முன்னால் ஓடும் குழு: கணிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். காலையிலேயே சிலர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போவார்கள். ஒட்டுமொத்தப் பட்டியலில் அவர்கள் வெகு தூரம் பின்னால் இருந்தால், 'போனால் போகட்டும்' என்று பெரிய அணிகள் விட்டுவிடும். சில நேரம் அவர்களில் ஒருவரே மலை உச்சியில் ஜெயித்துவிடுவார்.

கோல் டி லா லோஸில் எல்லோர் கண்ணும் போகாச்சர் மீது இருந்த அன்று, போட்டியை ஜெயித்தவர் ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் கால். 2025 ஜூலை 22-ல், மோன் வோந்து என்ற மொட்டை மலையில் போகாச்சரும் விங்ககோரும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போன குழுவிலிருந்து பிரான்ஸின் வாலண்டைன் பாரே பெய்ன்ட்ர் ஜெயித்துவிட்டார்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். 2022-ல் லா பிளான்ஷ் தே பெல் ஃபீய் உச்சியில் முன்னால் தனியாக வந்துகொண்டிருந்தவர், ஜெர்மனியின் லெனார்ட் கேம்னா. போகாச்சரும் விங்ககோரும் அவரைத் தாண்டியது கடைசி 100 மீட்டரில்! நாள் முழுக்க உழைத்தவருக்கு அந்த 100 மீட்டர் மட்டும் வசப்படவில்லை.

கள்ளக்கணக்கு

ஒன்றை மறைக்க முடியாது. இந்த விளையாட்டில் பல ஆண்டுகள் கணிப்புகளைக் கெடுத்தது ஊக்கமருந்து. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த அமெரிக்காவின் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து, 2012-ல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. மூர் டி வீயின் நாயகன் வால்வெர்தேவும் ஊக்கமருந்து விவகாரத்தில் தடையை அனுபவித்துத் திரும்பியவர்தான். அதனால்தான் இன்று யாராவது மலையில் சாதனை வேகத்தில் ஏறினால், ரசிகர்கள் கைதட்டிவிட்டு உடனே கால்குலேட்டரையும் எடுக்கிறார்கள். ஏறிய உயரம், பிடித்த நேரம், வீரரின் எடை... மூன்றும் தெரிந்தால் எத்தனை வாட் என்று வீட்டிலிருந்தே தோராயமாகச் சொல்லிவிடலாம்.

ஜெயித்தும் தோற்றவர்

கணிப்பு பலித்தாலும் மனசு ஆறாத நாள்கள் உண்டு. 2024 ஆகஸ்ட் 18. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். ஆல்ப் டுவெஸ் உச்சியில் போட்டி முடிகிறது. மலையில் வலுவானவர் நெதர்லாந்தின் டெமி வோலரிங் என்பதில் பெரும்பாலானோருக்குச் சந்தேகம் இல்லை. முந்தைய ஆண்டின் சாம்பியன். ஆனால், ஐந்தாம் கட்டப் போட்டியில் மஞ்சள் ஜெர்சியோடு கீழே விழுந்து நேரத்தை இழந்திருந்தார். முதலிடத்தில் இருந்த போலந்தின் காஷா நியெவ்யாடோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்னால் இருந்தார்.

ஆல்ப் டுவெஸுக்கு முந்தைய மலையிலேயே வோலரிங் பாய்ந்தார். 21 வளைவுகளையும் தாண்டி முதலாவதாக வந்தார். கணித்தவர்கள் சொன்னது அப்படியே நடந்தது. வெற்றிக்குப் பரிசாக 10 விநாடி போனஸ். பிறகு எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நியெவ்யாடோமா, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். கோட்டைத் தொட்டபோது வித்தியாசம் 1 நிமிடம் 1 விநாடி. 75-லிருந்து 61 போக, 10-ம் போக, மிச்சம் 4.

4 விநாடி! அந்த வித்தியாசத்தில் டூர் டி பிரான்ஸ் நியெவ்யாடோமாவுக்குப் போனது. ஆண்கள், பெண்கள் என இரண்டு பந்தயங்களின் வரலாற்றிலும் இதைவிடச் சிறிய வித்தியாசம் இல்லை. மலையில் யார் வலுவானவர் என்ற கேள்விக்கும், கோப்பை யாருக்கு என்ற கேள்விக்கும் அன்று விடை வேறு வேறாக இருந்தது.

நீங்களும் கணிக்கலாம்!

அடுத்த முறை மலையில் முடியும் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க நேர்ந்தால், இவற்றைக் கவனியுங்கள்.

1. கடைசி மேடு எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவிகிதம்? சிறியது என்றால் பாய்பவர்கள், நீண்டது என்றால் மெலிந்தவர்கள்.

2. அதற்கு முன்னால் எத்தனை மலைகள்? முன்னால் மலைகள் கூடக் கூட, பாய்ச்சலைவிடத் தாங்கும் சக்திக்கு மதிப்பு கூடும்.

3. முன்னால் போன குழு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதை யாராவது துரத்துகிறார்களா? துரத்த ஆளில்லை என்றால், அன்றைய வெற்றியாளர் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

4. மேட்டின் அடிவாரத்தில் யாருடைய அணியில் அதிக வீரர்கள் மிச்சம் இருக்கிறார்கள்? தனியாக நிற்பவர் எல்லாத் தாக்குதலுக்கும் தானே பதில் சொல்ல வேண்டும்.

5. முகத்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். பெரிய வீரர்கள் முகத்தில் வலியைக் காட்டாமல் நடிப்பார்கள். ஆனால், சக்தி தீரும்போது தோள்களும் தலையும் ஆட ஆரம்பித்துவிடும்.

6. முதலில் பாய்பவரை நம்பி உடனே கைதட்டாதீர்கள். எவ்வளவு தூரத்தில் பாய்ந்தார் என்று பாருங்கள். செங்குத்தான மேட்டில் 500 மீட்டர் என்பது மிக நீண்ட தூரம்.

ரோக்லிச்சின் இன்னொரு மலை

2020-ல் மலை உச்சியில் எல்லாவற்றையும் தோற்ற ரோக்லிச் என்ன ஆனார்?

2023, மே 27. இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா பந்தயம் முடிய ஒரு நாள் பாக்கி. மறுபடியும் டைம் டிரயல். மறுபடியும் மலை. ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய மோன்டே லுசாரி. கடைசி 7.3 கிலோமீட்டருக்கு சராசரி 12.1 சதவிகித ஏற்றம். இந்த முறை ரோக்லிச் இரண்டாம் இடத்தில் இருந்தார். இரண்டு நாள் முன்பு 37 வயதை எட்டிய பிரிட்டனின் கெரைன்ட் தாமஸ், 26 விநாடி முன்னால்.

எல்லையைத் தாண்டி வந்த ஸ்லோவேனிய ரசிகர்கள் சாலையின் இரண்டு பக்கமும் திரண்டிருந்தார்கள். ரோக்லிச் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே ஏறினார். திடீரென அவருடைய சைக்கிள் செயின் கழன்றது. மலையின் நடுவில், செங்குத்தான சாலையில் அவர் இறங்கி நின்றார். இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நாள் திரும்ப வருகிறதோ என்று பார்த்தவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. அவர் பதறவில்லை. செயினை மாட்டினார். பக்கத்தில் இருந்த ஒருவர் ஓடி வந்து முதுகைப் பிடித்துத் தள்ளிவிட்டார். சைக்கிளுக்கு வரும் முன்பு ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டுதல் வீரராக இருந்தவர். அவரைத் தள்ளிவிட்டவர், அந்தக் காலத்தில் அவரோடு ஒரே அணியில் இருந்த நண்பர்!

செயின் கழன்றும்கூட தாமஸைவிட 40 விநாடி வேகமாக உச்சியைத் தொட்டார் ரோக்லிச். 14 விநாடி வித்தியாசத்தில் ஜிரோ அவருடையதானது.

அந்த மலைக்கு, அந்த உடம்புக்கு, ரோக்லிச் ஜெயிப்பார் என்று கணித்தவர்கள் இருந்தார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. செயின் கழலும் என்பதும், சரியாக அந்த இடத்தில் பழைய நண்பர் நிற்பார் என்பதும்தான் எந்தக் கணக்கிலும் இல்லை.